ஜெயந்தி அக்கா அழிக்காத டி டிரைவ்

செய்தி வந்தபோது நான் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன்களின் பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்பதில் ஒரு குடும்பமே இரண்டாகிவிடும் என்பதால் மிகவும் கவனமாக இருந்தேன். கம்பத்திலிருந்து ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். கல்யாண ஆல்பங்களுக்கு அட்டை அடிக்க என்னிடம் வருகிறவர். "மலரு, ஜெயந்தி தவறிட்டாக. காலையில மதுரை ஆஸ்பத்திரியில முடிஞ்சிருச்சாம். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டாராக" என்றார். அவரே தொடர்ந்து பேசினார். "தங்கமான மனுசி. இந்தப் பக்கத்துல அவுக கை படாத கம்ப்யூட்டர் ஏது? என்ன, ஒங்க கடையில மட்டும் ஒருதடவ டி டிரைவ அழிச்சுப்புட்டாக. விடுங்க, போன மனுசியப் பத்தி எதுக்கு இப்ப."

நான் "ம்" என்றேன்.

ஜெயந்தி அக்காவைத் தெரிந்த எல்லோருக்கும் சொல்கிறேன். அக்கா மேல் ஒரு பொய் கிடக்கிறது. அதைப் போட்டவள் நான். அதை எடுத்து எறிய எத்தனையோ சந்தர்ப்பம் வந்தது. அவர் இறந்த செய்தியோடு கூட ஒன்று வந்தது. அப்போதும் என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அதனால் இந்த அஞ்சலி அவருடைய நல்ல குணங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாது. என் யோக்கியதையையும் சொல்லும்.

சின்னமனூரில் பத்திரிகை, பிளக்ஸ், நோட்டீஸ் அடிக்கும் கடையை நான் தனியாகத் தொடங்கியபோது வாங்கியது ஒரு பழைய சிஸ்டம். மூன்றே மாதத்தில் சி டிரைவ் நிறைந்து, திரையில் அந்தக் கோடு சிவப்பாகிவிட்டது. டிசைன் செய்யும் மென்பொருள் பாதியில் நின்று முழித்தது. யாரோ சொல்லி ஜெயந்தி அக்கா கம்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். தோளில் ஒரு பள்ளிக்கூடப் பை. அதற்குள் ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்டப் பெயின்ட் பிரஷ், ஒரு லேப்டாப், பைல்களை வெளியே எடுத்து வைக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், ஒரு கொத்து பன்னீர்த் திராட்சை. திராட்சையைத் தின்றுவிட்டு இரண்டு தடவை கை கழுவினார். அதற்குப் பிறகுதான் கீபோர்டைத் தொட்டார்.

"டிஸ்க்கு ஒண்ணுதான்த்தா" என்றார். "வித்தவரு அதுல நடுவுல வரப்புப் போட்டு, சி-க்குக் கொஞ்சூண்டு, டி-க்கு ஏகப்பட்டதுன்னு பிரிச்சிருக்காரு. சி தெணறுது, டி சும்மா கெடக்கு. வரப்பத் தள்ளிப் போட்டாச் சரியாப்போகும்." அப்படியென்றால் டியைக் கொஞ்சம் சுருக்கினால் போதுமே என்றேன். சிரித்தார். "டி-யச் சுருக்குனா அந்தக் கடேசியிலதான் எடம் கெடைக்கும். சி-க்கு ஒட்டுனாப்புல இருந்தாத்தான் சி எடுத்துக்கிரும். ஒனக்கு இங்கன வீடு, அங்கன கொல்லை, நடுவுல அடுத்தவன் வீடுன்னா சொவர இடிச்சுப் பெருசாக்க முடியுமா?"

ஆகவே டியில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, டியையே அழித்து, சியை நீட்டி, மிச்ச இடத்தில் புது டியைப் போட்டு, எடுத்து வைத்ததைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வெளியே எடுத்து வைத்துவிட்டேன் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. "காப்பி எடுத்தேன்னு சொல்லாத. தெறந்து பாத்தேன்னு சொல்லு" என்றார். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி, அதிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பைல்களை என்னைத் திறக்கச் சொல்லி, பத்தும் திறந்த பிறகுதான் டியில் கை வைத்தார். எல்லாம் முடிந்ததும், எனக்கு டிரைவுக்குள் தேடத் தெரியாது என்பதால், டெஸ்க்டாப்பில் 'கல்யாணம்', 'காதுகுத்து', 'கோயில்' என்று போல்டர்கள் போட்டு, அவற்றுக்குள் ஐகான்களை வைத்துக் கொடுத்தார். அதைத் தட்டினால் போதும், டியில் இருக்கும் பைல் திறந்துகொள்ளும்.

அக்காவின் வேலை என்னவென்று முழுதாகத் தெரிந்துகொள்ள அவரோடு ஒருமுறை மலைக்குப் போயிருக்க வேண்டும். நான் போயிருக்கிறேன். அவருடைய கணவர் பாண்டியன் அண்ணன், கம்பத்திலிருந்து கேரள மலையிலிருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். எஸ்டேட் ஆபீஸ் ஒன்றில் சி நிறைந்துவிட்டதென்று கூப்பிட்டிருந்தார்கள். மானேஜர், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள் என்றார். அக்கா முடியாதென்றுவிட்டார். "இத்தன வருசத்துப் பைல் இருக்கு சாரே. அழிக்கிறது எளுப்பம், யாரு வேணாலும் செய்யலாம்" என்று பாதி மலையாளத்தில் சொன்னார். டியை அப்படியே நகர்த்தும் ஒரு மென்பொருளை ஓடவிட்டார். அது ஓடுகிறபோது கரண்ட் போனால் சியும் போகும், டியும் போகும். பாதி ஓடியிருக்கும்போது மழை பிடித்தது, கரண்ட் போனது. யுபிஎஸ் கூவ ஆரம்பித்தது. அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏங்க, ஜீப்ப இப்பிடிக் கொண்டாந்து சொவத்தோட ஒட்டி நிப்பாட்டுங்க. எஞ்சின ஆப் பண்ணிராதீக" என்று கத்தினார். ஜீப்பில் இருந்த இன்வெர்ட்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து யுபிஎஸ்ஸுக்குக் கொடுத்தார். இரண்டரை மணி நேரம் பாண்டியன் அண்ணன் மழையில் ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது வழி நெடுக அவர் முனகிக்கொண்டே வந்ததையும், அக்கா சேலை முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டதையும் இப்போது நினைத்தாலும் அந்த ஜீப்பின் பின்சீட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இப்படிப்பட்டவர் மேல்தான் பழியைப் போட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

சில வருடங்கள் கழித்து, வீரபாண்டித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். சுற்று ஊர்களிலிருந்து ஒவ்வொரு குழுவாகப் பிளக்ஸ் அடிக்க வருவார்கள். குழுவில் இருக்கிற அத்தனை பேர் முகமும் அதில் வர வேண்டும். ஒரு முகம் விடுபட்டாலும், அடுத்த முகத்தைவிடச் சிறியதாகப் போனாலும் நான் அந்த ஊர்ப் பக்கம் போக முடியாது. எல்லா முகங்களும் டியில் இருந்தன. அந்தச் சமயத்தில் சிஸ்டத்தின் பேன் சத்தம் போடுகிறதென்று அக்கா வந்து மாற்றிக் கொடுத்தார். போகும்போது, "சி மறுபடி நெறஞ்சு வருதுத்தா. திருவிழா முடியட்டும், நானே வந்து தள்ளிப் போடுறேன். அதுவரைக்கும் எதையும் தொட்டுறாத" என்றார்.

ஒரு வாரத்தில் கோடு சிவப்பாகி, மென்பொருள் நின்றுவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டேன். மலையில் இருந்தார், டவர் கிடைக்கவில்லை. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் எனக்கு நானே பெரிய மேதாவி. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியாதா என்ன? நானும் ஒன்று வாங்கி வைத்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகினேன். டெஸ்க்டாப்பில் அக்கா போட்டுக் கொடுத்த போல்டர்களை எல்லாம் பிடித்து இழுத்து அதில் போட்டேன். அரை நிமிடத்தில் காப்பி ஆகிவிட்டது. அத்தனை வருட வேலை அரை நிமிடத்தில் எப்படிக் காப்பியாகும் என்று ஒரு சந்தேகம் வர வேண்டாமா? எனக்கு வந்தது பெருமைதான். அவை பைல்களே அல்ல, டியில் இருக்கும் பைலுக்கு வழி காட்டுகிற வெறும் ஐகான்கள். அக்கா சொல்லிக் கொடுத்திருந்த அந்த ஒரு காரியத்தை, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்து பார்ப்பதை, நான் செய்யவில்லை. டியை அழித்தேன். சியை நீட்டினேன். மிச்சத்தில் புது டி போட்டேன். கோடு நீலமாகிவிட்டது. அதற்குப் பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் திறந்து 'கோயில்' போல்டரில் ஒன்றைத் தட்டினேன். அப்படி ஒரு பைலே இல்லை என்றது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் கடை வாசலில் நான்கு ஊர்க்காரர்கள் நின்றார்கள். பிளக்ஸ் எங்கே என்றார்கள். இல்லை என்றதும் சத்தம் ஏறியது. "பொம்பளப்பிள்ள கடையின்னு நம்பிக் குடுத்தோம் பாரு, எங்கள ..." என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது என் வாய் சொன்னது: "போன வாரம் ஜெயந்தி அக்கா வந்து சிஸ்டத்தப் பிரிச்சாக. அதுக்கப்புறம்தான் இப்படி."

அக்கா வந்து சிஸ்டத்தைப் பிரித்ததும் நிஜம். அதற்குப் பிறகு இப்படி ஆனதும் நிஜம். அவ்வளவுதான் சொன்னேன், மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. அட்டை வாங்க வந்திருந்த ஸ்டுடியோக்காரரும் அங்கேதான் நின்றார்.

மறுநாள் காலை, மலையிலிருந்து இறங்கி என் அழைப்பைப் பார்த்துவிட்டு, அக்கா வந்தார். வாசலில் நின்றவர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "நீங்க தொட்டதுலதான் எல்லாம் போயிருச்சாமே?" அக்கா என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். "அப்டியாக்கும்" என்றார் அக்கா. "சரி, போனது வருதான்னு பாப்பம். மொதல்ல வழிய விடுங்க." சிஸ்டத்தின் டிஸ்க்கைக் கழற்றி, இனி அதில் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது என்று தன் லேப்டாப்பில் மாட்டினார். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருளை ஓடவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "காப்பி எடுத்தியாத்தா?" என்று மெதுவாகக் கேட்டார். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நீட்டினேன். செருகிப் பார்த்தார். ஒவ்வொரு ஐகானும் ஒரு கேபி, இரண்டு கேபி, ஒரு போட்டோகூட அடங்காத அளவு. கடைசிவரை இறக்கிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. இப்போது கேட்பார், அழுதுகொண்டே சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் டிஸ்க்கைப் பிடுங்கி, கேபிளை நிதானமாகச் சுற்றி, மேசை டிராயரில் வைத்தார். "டீ சொல்லு. சக்கர கம்மியா" என்றார்.

நான்கு நாட்கள் காலை முதல் மாலை வரை அவர் கடையில் உட்கார்ந்திருந்தார். பைல்கள் திரும்ப வந்தன, ஆனால் பெயர்கள் இல்லாமல், வெறும் எண்களாக. ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றாகத் திறந்து, இது எந்த ஊர், இது யார் வீட்டுக் கல்யாணம் என்று பிரித்தார். குழுக்காரர்களின் முகங்கள் மூன்றாம் நாள் கிடைத்தன. பிளக்ஸ் நேரத்துக்கு அடித்துக் கொடுத்துவிட்டேன். வீரபாண்டி ரோட்டில் அவை கட்டப்பட்டபோது என் கடைக்குக் கெட்ட பெயர் இல்லை. கெட்டுப்போனது அக்காவின் பெயர்தான்.

ஸ்டுடியோக்காரர் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. இன்னும் சிலரும் நிறுத்திக்கொண்டார்கள். அக்கா என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. "இப்பல்லாம் மலைக்குத்தான் நெறையப் போறேன்த்தா. குளுகுளுன்னு இருக்கு" என்று ஒருமுறை சொன்னார். அதிலிருந்து நானாகத்தான் புரிந்துகொண்டேன். ஏன் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? அப்போது என் கடை போயிருந்தால் எனக்குப் போக வேறு இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். அதுதானா, வேறு ஏதாவதா? கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக அவரோடு பேசியது போனில். மதுரையில் சிகிச்சைக்குச் சேர்த்திருந்தார்கள். குரல் இறங்கிப் போயிருந்தது. இன்று சொல்லிவிடுவது என்று கடையைச் சாத்தி வைத்துவிட்டுத்தான் அழைத்தேன். "அக்கா, அன்னைக்கு அந்த டி டிரைவு..." என்றேன். "சி-ல இப்ப எவ்வளவு இருக்கு?" என்றார். பார்த்துச் சொன்னேன். "செவப்பா, நீலமா?" நீலம் என்றேன். "அப்பப் போதும். நர்சு வந்துட்டாக, வைக்கிறேன்த்தா" என்று வைத்துவிட்டார். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. திரும்ப அழைத்திருக்கலாம். நாளைக்கு என்று விட்டேன்.

அக்கா இறந்த பத்தாம் நாள் பாண்டியன் அண்ணன் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "பதினாறாம் நாளு வர்றவகளுக்குக் குடுக்க ஒரு தாளு வேணும் மலரு. அவ போட்டோ ஒண்ணு, அவளப் பத்தி நாலு வார்த்த. நீயே எழுதிரு. ஒன்னத்தான் தங்கச்சி மாதிரி வச்சிருந்தா" என்றார். நான் அவருக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டு, எதிரே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் ஸ்டூலிலேயே இருந்தார். "ஒங்ககிட்டயாவது சொல்லிருப்பாகன்னு நெனச்சேன்ணே" என்றேன்.

"எங்கிட்டயும் சொல்லல" என்றார். "நானும் ஊரு சொன்னதத்தான நம்புனேன். ஜீப்புல ஏறுறப்பல்லாம் கேலி பண்ணுவேன். 'ஏறுங்க, டி டிரைவ அழிச்ச அம்மா ஏறுங்க'ன்னு. ரெண்டு வருசமா. அவ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே வருவா. இப்ப நான் என்னத்தச் செய்ய?" முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நானும் அழுதேன். மன்னியுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் இல்லை.

போகும்போது வாசலில் நின்று, "எங்கிட்டச் சொன்னத அப்படியே தாள்ல போடு" என்றார். "நாலு வார்த்த பத்தாது போலிருக்குண்ணே" என்றேன். "எத்தன பக்கம் ஆனாலும் போடு. வந்து நிக்கிற எல்லாரு கையிலயும் குடுக்கணும். ஸ்டுடியோக்காரரு கையில நானே குடுப்பேன்."

அக்காவின் படத்தைத் தேடி அன்று மாலை டியைத் திறந்தேன். அந்த நான்கு நாட்களில் எண்களை எடுத்துவிட்டு அவர் தன் இஷ்டத்துக்கு வைத்த பெயர்கள் அப்படியே இருக்கின்றன. 'சிரிக்க மறந்த மாப்பிள்ளை.' 'மாமன் பேரு விட்டுப்போச்சு, சண்டை வரும்.' 'குட்டிப் பாப்பா மொட்டை.' 'யாருன்னு தெரியல, நல்ல முகம்.' கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கள் மறுபடி வரும்போது இந்தப் பெயர்களை வைத்துத்தான் இன்னமும் தேடுகிறேன். தேடும்போது அக்கா பக்கத்தில் திராட்சை தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் காலியாக இருக்கும். படமும் அங்கேதான் கிடைத்தது. என் சிஸ்டத்துக்குக் கேமரா மாட்டிவிட்டுத் தன்னையே ஒன்று எடுத்துப் பார்த்திருக்கிறார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'கேமரா சரியா இருக்கு'. முதல் பக்கத்தில் இருப்பது அதுதான்.

அந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட நான் மாற்றப் போவதில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவற்றை மட்டும்தான். அவருடைய நல்ல பெயரை என்னிடம் வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை, அதை உங்களிடம் திருப்பித் தருகிறேன். என் கடையின் டி டிரைவை அழித்தவள் மலர்விழியாகிய நான். நான்கு நாட்கள் உட்கார்ந்து அதை மீட்டுத் தந்தவர் ஜெயந்தி. இனி யாராவது மாற்றிச் சொன்னால் இந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.